அரங்கில் ‘தீ!’ என்று கத்தியது யார்?

பேச்சுரிமை பற்றி எங்கே வாக்குவாதம் நடந்தாலும் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: “அதுக்காக, கூட்டம் நிறைஞ்ச அரங்குல ‘தீ! தீ!’னு பொய்யாக் கத்துறதும் பேச்சுரிமையா?” அதோடு வாக்குவாதம் முடிந்தது. எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போவார். நெரிசலில் மிதிபட்டுச் சாக யாருக்குத்தான் ஆசை?

நேரலையில் அழைக்கும் நேயர்கள் சொல்கிறார்கள். புலனக் குழுக்களில் பெரியவர்கள் சொல்கிறார்கள். பலரும் இதை ஒரு பழமொழி என்றே நினைக்கிறார்கள். உண்மையில் இது 1919இல் ஓர் அமெரிக்க நீதிபதி தம் தீர்ப்பில் எழுதிய உவமை. அவர் எழுதியதில் ‘கூட்டம் நிறைந்த’ என்ற சொல்கூடக் கிடையாது. அது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அந்த வழக்கில் அரங்கும் இல்லை, தீயும் இல்லை, கத்தியவரும் இல்லை. இருந்தது ஒரு துண்டறிக்கை.

15,000 தாள்கள்

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்க ஒரு சட்டம் வந்தது. கூடவே, ஆள் சேர்ப்புக்கு இடையூறு செய்பவர்களையும் தண்டிக்கும் உளவுத் தடுப்புச் சட்டமும் வந்தது. ஃபிலடெல்ஃபியா நகர சோஷலிஸ்ட் கட்சியின் செயலாளர் சார்ல்ஸ் ஷெங்க், கட்சித் தோழர் எலிசபெத் பேர் ஆகியோரின் முயற்சியில் சுமார் 15,000 துண்டறிக்கைகள் அச்சாயின. படைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களின் வீட்டு முகவரிக்கே அஞ்சலில் அனுப்ப ஏற்பாடு.

அதில் என்ன இருந்தது? கட்டாயப் படைச் சேர்ப்பு, அடிமைமுறையை ஒழித்த 13ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு விரோதமானது என்ற வாதம். சட்டத்தை நீக்கச் சொல்லி மனுவில் கையெழுத்திடுங்கள், உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள் என்ற வேண்டுகோள். துப்பாக்கியைத் தூக்கு என்றோ, முகாமைக் கொளுத்து என்றோ ஒரு வரியும் இல்லை.

இருவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1791இலேயே சேர்க்கப்பட்ட முதல் திருத்தம், பேச்சுச் சுதந்திரத்தையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் குறைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவே கூடாது என்கிறது. ஆகவே தங்களைத் தண்டித்தது செல்லாது என்பது அவர்கள் வாதம். ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை நிராகரித்தார்கள். தீர்ப்பை எழுதிய ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ்தான் அந்த அரங்கு உவமையைக் கொண்டுவந்தார். பொய்யாகத் தீ என்று கத்துபவனைச் சட்டம் காப்பாற்றாது. அதுபோலவே போர்க்காலத்தில் இந்தத் துண்டறிக்கையையும் காப்பாற்றாது என்றார்.

உவமை எவ்வளவு அழகாக வேலை செய்கிறது பாருங்கள். மனுவில் கையெழுத்துப் போடுங்கள் என்று எழுதியவர், மக்களை மிதிபடச் செய்யும் கயவன் ஆகிவிட்டார். அதுவும், அவர் சொன்னது பொய்யா என்ற கேள்வி எழாமலே.

அதற்கு அடுத்த வாரமே இன்னொரு தீர்ப்பு. சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ், 1918 ஜூனில் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் போரை எதிர்த்து ஒரு கூட்டத்தில் பேசினார். ஒரே ஓர் உரை. பத்தாண்டுச் சிறை. அதையும் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பையும் எழுதியவர் ஹோம்ஸ்தான். 1920இல் டெப்ஸ் அட்லாண்டா சிறையில் கைதியாக இருந்தபடியே அதிபர் தேர்தலில் நின்றார். 9 லட்சத்துக்கும் அதிகமானோர் அவருக்கு வாக்களித்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்?

இந்த ஹோம்ஸிடம் ஒரு பெருந்தன்மையும் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில், ரஷ்யாவுக்கு அமெரிக்கப் படை அனுப்பப்பட்டதை எதிர்த்துத் துண்டறிக்கை வீசியவர்களின் வழக்கு வந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் தண்டனையை உறுதி செய்தார்கள். ஹோம்ஸ் மறுத்தார். நீதிபதி பிராண்டைஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். கருத்துகள் ஒன்றோடொன்று போட்டியிடட்டும், எது நிற்கிறதோ அதுவே உண்மைக்கு நல்ல சோதனை என்பது அந்த மறுப்புரையின் சாரம். எட்டு மாதத்துக்கு முன் தாம் எழுதியதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டார். ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது அரங்கு உவமையைத்தான்.

முகமூடிக்காரனுக்குக் கிடைத்த தீர்ப்பு

அந்தப் பழைய அளவுகோலை உச்ச நீதிமன்றம் முழுதாக மாற்ற 50 ஆண்டுகள் ஆயின. மாற்றக் காரணமாக இருந்தவர் போற்றத் தக்க தியாகியும் அல்லர். கிளாரன்ஸ் பிராண்டன்பர்க், ஒஹாயோவில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் தலைவர். 1964இல் ஒரு பண்ணையில் முகமூடி அணிந்தவர்கள் கூடி சிலுவையைக் கொளுத்தினார்கள். சிலர் கையில் துப்பாக்கி. கறுப்பினத்தவரையும் யூதர்களையும் இழிவுபடுத்தும் பேச்சு. அரசு இப்படியே போனால் பழிவாங்க வேண்டிவரலாம் என்று பிராண்டன்பர்க் பேசினார். இதைப் படம்பிடிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளரையும் அவரே அழைத்திருந்தார். அவருக்கு 1,000 டாலர் அபராதமும் ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறையும் விதிக்கப்பட்டன.

1969இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அன்று வகுத்த விதியே இன்றுவரை அமெரிக்காவில் நடைமுறை: வன்முறையை ஆதரித்துப் பேசியதற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்க முடியாது. உடனடியாகச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கத்தோடு பேசியிருக்க வேண்டும். அது அப்படியே நடந்துவிடும் வாய்ப்பும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் குற்றம்.

படிக்கும்போதே மனம் கசக்கிறது, இல்லையா? சிலுவை கொளுத்தும் ஆளுக்கா இந்த விதி என்று. கொஞ்சம் பொறுங்கள்.

1966இல் மிசிசிப்பி மாநிலத்தின் போர்ட் கிப்சன் ஊரில் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தார்கள். சம உரிமை தரும்வரை அங்கே எதையும் வாங்க மாட்டோம் என்பது போராட்டம். தலைவர்களில் ஒருவரான சார்ல்ஸ் எவர்ஸ் மேடையில் காரமாகப் பேசினார். புறக்கணிப்பை மீறி அந்தக் கடைகளுக்குப் போகிறவர்களின் கழுத்தை ஒடிப்போம் என்கிற அளவுக்கு. கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். விசாரணை நீதிமன்றம் என்.ஏ.ஏ.சி.பி. என்ற உரிமை அமைப்பும் போராட்டக்காரர்களும் சேர்ந்து 1.25 மில்லியன் டாலர் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. வழக்கு 1982இல் உச்ச நீதிமன்றம் வந்தது. பேச்சைத் தொடர்ந்து வன்முறை வெடிக்கவில்லை. உணர்ச்சி வேகத்தில் பேசியது மட்டும் குற்றமாகாது என்று சொல்லி, நீதிமன்றம் போராட்டக்காரர்கள் பக்கம் நின்றது. எந்த விதியைக் காட்டி? பிராண்டன்பர்க் விதியைக் காட்டித்தான்.

இனவெறியனுக்காக எழுதிய விதி, இனவெறியை எதிர்த்தவர்களைக் காப்பாற்றியது. இதை முன்கூட்டியே புரிந்துகொண்டவர் எலினோர் ஹோம்ஸ் நார்ட்டன். கறுப்பினப் பெண் வழக்கறிஞர். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வாஷிங்டன் நகரின் பிரதிநிதி. 1968இல் அவர் உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது ஒரு வெள்ளை இனவெறிக் கட்சிக்காக. அவர்களுக்கு அறிவிப்பே கொடுக்காமல், ஒரு தரப்பை மட்டும் கேட்டு, அவர்கள் பொதுக்கூட்டத்துக்குத் தடை வாங்கியிருந்தார்கள் மேரிலாந்து அதிகாரிகள். நார்ட்டன் வென்றார். கட்சிக்காரர்கள் மீது அன்பு வந்து அவர் வாதாடவில்லை. இன்று இவர்கள் கூட்டத்தை இப்படித் தடுக்க விட்டால், நாளை அதே வழியில் குடியுரிமைப் போராட்டக்காரர்களின் ஊர்வலத்தைத் தடுப்பார்கள் என்பது தெற்கின் நிலைமை அறிந்த யாருக்கும் புரியும்.

அப்படியானால் எல்லையே இல்லையா?

உண்டு. அமெரிக்காவில் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்பது நம் ஊர்க் கதை. குறிப்பிட்ட ஒருவரை நோக்கிய உண்மையான கொலை மிரட்டல், மோசடிப் பேச்சு, குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சித்திரிக்கும் படங்கள் போன்றவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை. அவதூறுக்கு வழக்குப் போடலாம். ஆனால் 1964க்குப் பிறகு, பொதுப் பதவியில் இருப்பவர் வெல்ல வேண்டுமானால் எதிராளி பொய்யென்று தெரிந்தோ, உண்மையா பொய்யா என்று கவலைப்படாமலோ வெளியிட்டார் என்று நிரூபிக்க வேண்டும். ‘வெறுப்புப் பேச்சு’ என்று தனியாக ஒரு குற்றப் பிரிவு மட்டும் அங்கே இல்லை.

இதற்கு விலை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2006இல் ஈராக்கில் இறந்த ஓர் இளம் வீரரின் இறுதிச் சடங்கன்று, ஒரு சிறிய தேவாலயக் குழுவினர் மேரிலாந்தில் தெருவோரம் பதாகை பிடித்து நின்றார்கள். வீரர்கள் சாவதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லும் பதாகைகள். மகனைப் பறிகொடுத்த தகப்பன் வழக்குப் போட்டார். ஜூரிகள் அவர் பக்கம் நின்றார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்று அந்தக் குழுவின் பக்கம் தீர்ப்பளித்தது. பொது இடத்தில், பொது விவகாரம் பற்றி, காவல்துறை சொன்ன தூரத்தில் நின்று பேசியிருக்கிறார்கள். எவ்வளவு புண்படுத்தினாலும் தண்டிக்க முடியாது என்றது. அந்தத் தகப்பனிடம் போய் ‘கருத்துகள் போட்டியிடட்டும்’ என்று சொல்ல எனக்கு நா எழாது. தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும்.

வானொலிக்கு மட்டும் வேறு சட்டம்

என் தொழிலுக்கு வருகிறேன். ஊடகவியல் மாணவர்கள் தவறாமல் படிக்கும் வழக்கு ஒன்று உண்டு. 1973 அக்டோபர் 30, பிற்பகல் 2 மணி. நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. வானொலி, நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லினின் 12 நிமிடத் தனியுரை ஒன்றை ஒலிபரப்பியது. வானலையில் எந்தெந்தக் கெட்ட வார்த்தைகளைச் சொல்லக் கூடாது என்பதுதான் உரையின் பொருளே. அந்த வார்த்தைகளை ஒன்றுவிடாமல் சொல்லிச் சொல்லிக் கேலி செய்கிறார். உரைக்கு முன் நிலையம் எச்சரிக்கையும் செய்திருந்தது. மகனோடு காரில் போய்க்கொண்டிருந்த ஒரு தந்தை அதைக் கேட்டுவிட்டு, ஒலிபரப்பைக் கட்டுப்படுத்தும் எஃப்.சி.சி. ஆணையத்திடம் புகார் கொடுத்தார். அபராதம் இல்லை. ஆனால் உரிமம் புதுப்பிக்கும்போது பார்க்கும் கோப்பில் அந்தப் புகார் ஏறியது.

1978இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று ஆணையத்தின் பக்கம் நின்றது. வானொலி வீட்டுக்குள் தானாக நுழைகிறது; எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையின் காதிலும் விழுகிறது என்பது காரணம். அதே உரையை இசைத்தட்டாக விற்கலாம், பத்திரிகையில் அச்சிடலாம். ஏன், உச்ச நீதிமன்றமே அந்த உரை முழுவதையும் எழுத்து விடாமல் தன் தீர்ப்பின் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறது! பிறகு இரவு 10 முதல் காலை 6 வரை விதி தளர்த்தப்பட்டது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ்தான் 1997இல் இணையத்துக்கு முழுப் பாதுகாப்பு உண்டு என்ற தீர்ப்பையும் எழுதினார். ஆக, அங்கே ஒரு சொல் குற்றமா இல்லையா என்பதைச் சொல் மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தக் கருவி, எந்த நேரம் என்பதும் தீர்மானிக்கிறது.

அந்தத் தந்தையின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பள்ளி முடிந்து பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வரும் பெற்றோர் கேட்கும் நேரம் எது என்று எங்களுக்குத் தெரியும். நேரலையில் அழைப்பவர் ஏடாகூடமாகப் பேசினால் துண்டிக்கச் சில வினாடித் தாமதமும் ஒரு பொத்தானும் வைத்திருப்பது அதற்குத்தான். என் கவலை வேறு. உரிமம் என்ற கத்தி தலைக்கு மேல் தொங்கும்போது, தடுக்கப்பட்டதைவிடப் பல மடங்கு அதிகமானவற்றை நிலையங்கள் தாமாகவே தவிர்த்துவிடும். 2004இல் ஒரு கால்பந்து இறுதி ஆட்டத்தின் இடைவேளைக் காட்சிக்காக சிபிஎஸ் நிறுவனத்துக்கு 5,50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பின்னர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில், ‘சேவிங் பிரைவேட் ரயன்’ என்ற போர்ப் படத்தை, முன்னாள் வீரர்களைக் கௌரவிக்கும் நாளில் ஒளிபரப்ப 60க்கும் மேற்பட்ட நிலையங்கள் மறுத்துவிட்டன. படைவீரர்கள் பேசும் கெட்ட வார்த்தைக்கு அபராதம் வருமோ என்ற பயம். அந்தப் படத்தில் தவறில்லை என்று ஆணையம் சொன்னது மறு ஆண்டில். யாரும் தடுக்கவில்லை. இவர்களே தடுத்துக்கொண்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத கை

நம்மில் பலர் குழம்பும் இடம் இன்னொன்று. “முகநூல் என் பதிவை நீக்கிவிட்டது, பேச்சுரிமை எங்கே?” என்கிறோம். முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. தனியார் நிறுவனம் தன் மேடையில் யாரை ஏற்றுவது என்பது அதன் விருப்பம். 2021 ஜனவரியில் பதவியில் இருந்த அதிபர் டிரம்ப்பின் கணக்கையே ட்விட்டர் முடக்கியது. அது அரசின் தணிக்கை ஆகாது.

ஆனால் அரசே தனியாரின் காதைத் திருகி அந்த வேலையைச் செய்ய வைத்தால்? 1963இலேயே இந்தக் கேள்வி வந்தது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் ஆணையம், ‘ஆட்சேபத்துக்குரியவை’ என்று புத்தகப் பட்டியல் போட்டு விநியோகிப்பாளருக்கு அனுப்பும். தடை ஆணை எதுவும் இல்லை, வெறும் ‘ஆலோசனை’. பின்னாலேயே காவலர் ஒருவர் வந்து, என்ன செய்தீர்கள் என்று விசாரிப்பார். விநியோகிப்பாளர் புத்தகங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். இதுவும் தணிக்கைதான் என்றது உச்ச நீதிமன்றம். 2024இல் நியூயார்க் அதிகாரி ஒருவர் மீது துப்பாக்கி ஆதரவு அமைப்பு தொடுத்த வழக்கிலும் ஒருமனதாக அதையே சொன்னது. அந்த அமைப்புக்காக வாதாடியது யார் தெரியுமா? அதன் கொள்கையோடு பெரிதும் முரண்படும் ஏ.சி.எல்.யூ. என்ற குடியுரிமை அமைப்பு. நார்ட்டன் அன்று பணியாற்றியதும் அதே அமைப்பில்தான்.

2025 செப்டம்பரில் வலதுசாரி இளைஞர் தலைவர் சார்லி கெர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். அதையொட்டி ஏபிசி தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல் பேசியது சர்ச்சையானது. எஃப்.சி.சி. தலைவர் பிரெண்டன் கார், இதை எளிதாகவும் முடிக்கலாம், கடினமாகவும் முடிக்கலாம் என்ற தொனியில் ஒரு நேர்காணலில் பேசினார். செப்டம்பர் 17 அன்று ஏபிசி அவர் நிகழ்ச்சியை நிறுத்தியது. மக்கள் கொதித்தார்கள். டிரம்ப் கட்சியைச் சேர்ந்த செனட்டர் டெட் குரூஸே, இது அடியாள் பேச்சு போலிருக்கிறது, நாளை நம்மீதே திரும்பும் என்று எச்சரித்தார். 23ஆம் தேதி கிம்மல் திரும்பி வந்தார். கிம்மல் சொன்னது சரியா தவறா என்பது வேறு விவாதம். உரிமம் தரும் கை ஒரு தொகுப்பாளரின் வாய்க்கு அருகே வந்தது என்பதுதான் செய்தி.

அமெரிக்கர்களின் சட்டம் அவர்கள் வரலாற்றிலிருந்து வந்தது. அதை அப்படியே எல்லா நாட்டிலும் நட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நூறாண்டு வழக்குகளிலிருந்து எடுத்துக்கொள்ள எளிய கேள்வி ஒன்று இருக்கிறது. பேச்சுக்கு எல்லை வேண்டும் என்று யார் சொன்னாலும் நாம் உடனே தலையாட்டுகிறோம். ஏனென்றால் நம் மனத்தில் ஓடுவது நமக்குப் பிடிக்காதவரின் வாய். அந்தக் கோட்டை வரையும் அதிகாரம் நாளை நமக்குப் பிடிக்காதவரின் கைக்குப் போனால், அப்போதும் தலையாட்டுவோமா? ஆம் என்று சொல்ல முடிந்தால் அது நியாயமான எல்லை. தயக்கம் வந்தால் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய எல்லை.

அடுத்த முறை யாராவது “அரங்கில் தீ” என்று ஆரம்பித்தால், கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள்: “அண்ணே, அன்னிக்கு உண்மையிலேயே கத்தினது யாரு?” பதில் வராது. அப்போது அந்த 15,000 தாள்களின் கதையைச் சொல்லுங்கள்.